டப்பா இல்லாமல் ஒரு சூரியோதயம்

எண்ணூர்க் கழியில் சூரியோதயம் பார்க்கப் போய், ஒரு குப்பத்தின் அன்றைய வலையை நீரில் இறங்கவிடாமல் செய்ய இருந்தவன் நான். கழியில் வலை கட்ட அந்தக் குப்பத்துக்கு மூன்று நாளைக்கு ஒரு முறைதான் பாத்தியதை. அன்று அவர்களுடைய முறை. அன்றைக்குப் பார்த்துத் தண்ணீரில் ஒரு பிணம் விழுந்தால் முறை போயிற்று. அந்தப் பிணம் நானாகத்தான் இருப்பேன் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். கடைசியில் வலை இறங்கியது. அதற்கு என் நல்லெண்ணம் காரணமில்லை. என் பேச்சில் ஒரு வார்த்தையைக்கூட அவர்கள் நம்பவில்லை என்பதுதான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இயற்கை, எழில், மௌனம் என்று ஏதோ உயர்வாக வரப்போகிறது என்று காத்திருப்பீர்கள். நானும் அப்படிக் காத்திருக்கத்தான் அங்கே போனேன்.

எல்லாம் ஒரு காலண்டரால் வந்தது. புது நூற்றாண்டு பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டெஸ்பாட்ச் குமாஸ்தாவாக இருந்தேன். எங்களுக்குச் சரக்கு ஏற்றும் லாரி சர்வீஸ்காரர் வருடா வருடம் காலண்டர் கொடுப்பார். வழக்கமாக முருகனோ லட்சுமியோ இருப்பார்கள். அந்த வருடம் அவருக்கு என்ன தோன்றியதோ, வெளிநாட்டு ஏரி ஒன்றை அச்சடித்துவிட்டார். கரையெல்லாம் உறைபனி. ஒவ்வொரு புல்லும் சர்க்கரையில் புரட்டி எடுத்த மாதிரி. தண்ணீருக்கு மேல் ஆவி. தூரத்தில் பழுத்த தக்காளியாகச் சூரியன். கரையில் ஒரு மர பெஞ்சு. அதில் ஆள் இல்லை.

ஆள் இல்லை என்பதில்தான் நான் விழுந்தேன். உட்கார இடம் இருந்தும் யாரும் உட்காராத ஒரு காட்சியை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் பெஞ்சு என்றால் அதில் நாலு பேர் இருப்பார்கள். ஐந்தாவது ஆள் ‘கொஞ்சம் தள்ளிக்கோ’ என்று நின்றுகொண்டிருப்பார்.

மனைவியிடம் காட்டினேன். அவள் படத்தை நிதானமாகப் பார்த்தாள்.

“பெஞ்சு பூரா ஈரம். உட்கார்ந்தா புடவை நாசமாயிடும்” என்றாள். அத்துடன் அவளைப் பொறுத்தவரை ஐரோப்பா முடிந்தது.

விம்கோ நகரில் நாங்கள் இருந்தது ரயில் பெட்டிகள் மாதிரி வரிசையாகக் கோத்த லைன் வீடுகளில் ஒன்று. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருமுகிறார்கள் என்று இருமலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவோம். தனிமை என்று ஒன்று இருந்தால் அது கழிவறையில்தான். அதுவும் நாலு குடித்தனத்துக்குப் பொது. உள்ளே போய்த் தாழ் போட்டதும் வெளியே ஒருவர் வாளியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு ‘எவ்வளவு நேரம்?’ என்று பொருள். மார்கழி பிறந்துவிட்டால் விடிவதற்கு முன்பே ஒலிபெருக்கிகள் எழுந்துவிடும். சாமிக்குக் காது நன்றாகக் கேட்கும் என்ற நம்பிக்கை எந்த மதத்துக்காரருக்கும் எங்கள் தெருவில் இருந்ததாகத் தெரியவில்லை.

போதாததற்கு நான் படிக்கிறவன் வேறு. பழைய புத்தகக் கடைகளில் வாங்கிய புத்தகங்களில் ஏரிக்கரைக்குத் தனியே போய் உட்கார்ந்த வெள்ளைக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் உட்கார்ந்ததும் உள்ளே ஏதோ திறந்துகொள்ளும். திரும்பி வரும்போது வேறு ஆளாக வருவார்கள். அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தது யார் என்பதைப் பற்றி ஒரு வரி இருக்காது. எனக்கும் உள்ளே திறந்துகொள்ள ஏதாவது இருக்கும் என்று வெகுநாளாக ஒரு சந்தேகம் இருந்தது. அரை மணி நேரம் தனியாக விட்டால் போதும், கண்டுபிடித்துவிடுவேன்.

பனிக்கு எங்கே போவது? சென்னையில் குளிர் என்பது பருவநிலை இல்லை; ஒரு வதந்தி. மார்கழியில் யாரோ ஒருவர் ‘இந்த வருஷம் குளிர் ஜாஸ்தி’ என்பார்; உடனே ஊரே குரங்கு குல்லாய் மாட்டிக்கொண்டு வியர்க்கும்.

ஆனால் உறைபனி கிடைத்தது. பொங்கலுக்கு முந்தைய வாரம், அத்திப்பட்டுப் பக்கம் நின்றுபோன எங்கள் வேகன் ஒன்றைத் தேடிப் போய், மறுநாள் முதல் ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். ரயில் ஆற்றுப் பாலத்தில் ஊர்ந்தபோது ஜன்னல் வழியே பார்த்தால், கழிக்கரை வெள்ளையாகக் கிடந்தது. சேறு, உவர்நிலத்து உமரிச்செடி, கவிழ்த்துப் போட்ட படகு, எல்லாவற்றின் மேலும் மெல்லிய வெண்மை. தண்ணீரிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. காலண்டரேதான்.

அந்த வெண்மை அனல் மின் நிலையத்துச் சாம்பல் என்பதும், அது ராத்திரிப் பனியில் நனைந்து படிந்திருக்கிறது என்பதும், ஆவி வருவது அங்கிருந்து வெளியேறும் சுடுதண்ணீரிலிருந்து என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் அழகு வந்து நிற்கும்போது எந்தப் புகைபோக்கியிலிருந்து வருகிறாய் என்று விசாரிப்பது ரசிகனுக்கு அழகில்லை என்று முடிவு செய்தேன். படித்தவனுக்கு இந்த வசதி உண்டு. எதையும் பார்க்காமல் இருக்க அவனிடம் ஒரு காரணம் இருக்கும்.

ஒரு விடுமுறை நாள் விடியலில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். ஸ்வெட்டர், குரங்கு குல்லாய், மொபெட். நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல் மைல் கணக்கில் நின்றுகொண்டிருந்தன. டிரைவர்கள் லாரிக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்துக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். பல் விளக்கிக்கொண்டிருந்த ஒருவர் என்னை நிறுத்தி, “முன்னாடி நகருதா சார்?” என்றார். நான் துறைமுகத்துக்கு எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தேன். இருந்தாலும் “நகருது” என்றேன். அன்று என் மனம் அப்படி விரிந்திருந்தது.

கழிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது கிழக்கு வெளுக்க ஆரம்பித்திருந்தது. கரை நெடுக ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் இடையில் சீரான தூரம். ஒருவரும் இன்னொருவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் நீரை நோக்கி ஆழ்ந்த தியானத்தில் இருந்தார்கள். எல்லோர் பக்கத்திலும் ஒரு தகர டப்பாவோ பிளாஸ்டிக் பாட்டிலோ இருந்தது. அவர்கள் எதற்கு வந்தவர்கள் என்பது தெரியாத அளவுக்கு நான் ஐரோப்பியன் ஆகிவிடவில்லை. அவர்களைத் தாண்டி, ஆளே இல்லாத இடம்வரைக்கும் நடந்தேன்.

முதல் தப்பு அது. இரண்டாவது தப்பு, செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தது. மாமனார் கொடுத்த கைக்கடிகாரத்துக்குத் தண்ணீர் ஆகாது. அதைக் கழற்றிச் செருப்புக்குள் வைத்தேன். மொபெட் சாவியை அதன் மேல் வைத்தேன். பிறகு சாம்பல் படிந்த கரையில், கால்விரல் நீரில் படும்படி உட்கார்ந்தேன்.

நன்றாகத்தான் இருந்தது. என் காலடித் தடங்கள் மட்டும் வெள்ளையில் கறுப்பாகப் பதிந்திருந்தன. உமரிச்செடியின் சின்னச் சின்னக் கணுக்கள் வெண்பொடி பூசிக்கொண்டிருந்தன. எதிர்க்கரையில் ஒரு கொக்கு நின்றது. அதன்மேலும் சாம்பல் இருந்திருக்கலாம், கொக்கில் தெரியாது. உள்ளே ஏதாவது திறந்துகொள்கிறதா என்று கவனிக்க ஆரம்பித்தேன்.

“இன்னா நைனா, டப்பா எடுத்தாரலியா?”

கழுத்தில் மஃப்ளர், மடித்துக் கட்டிய கைலி, கையில் டப்பா. குப்பத்து மீனவர். என்னைவிடப் பத்து வயது பெரியவராக இருப்பார்.

“இல்லைங்க. எனக்கு அது தேவைப்படலை” என்றேன்.

அவர் என் செருப்பைப் பார்த்தார். செருப்புக்குள் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். குரல் ஒரு படி இறங்கியது.

“அப்பால எதுக்கு இம்மாந்தூரம் வந்து குந்திகினு கீறே?”

“சும்மாதான். கொஞ்ச நேரம் தனியா இருக்கலாம்னு.”

“வூட்ல சொல்லிகினு வந்தியா?”

“சொல்லலை. சொன்னா விடமாட்டாங்க.”

“எந்தக் கம்பெனி?”

சொன்னேன்.

“மூடிட்டானுங்களா?”

“இன்னும் இல்லை. மூடுவாங்கன்னு ஒரு பேச்சு ஓடுது.”

“எம்மா நேரம் குந்திகினு இருப்பே?”

“சூரியன் வர்ற வரைக்கும்.”

“அப்பால?”

“அப்புறம் என்ன? அவ்வளவுதான்” என்று சிரித்தேன். புத்தகங்களில் வருகிறவர்கள் சிரிப்பது மாதிரி, கொஞ்சம் தூரமாகப் பார்த்துக்கொண்டு.

மனிதர் வந்த வேலையை மறந்து, நிறைந்த டப்பாவை அப்படியே சேற்றில் வைத்துவிட்டுக் குப்பத்தை நோக்கி ஓடினார். பாவம், வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பண்டைத் தமிழ் இலக்கணத்தில் நெய்தல் நிலத்துக்கு இரங்கல் என்று விதித்திருக்கிறார்கள். கழிக்கரையில் ஒருவர் தனியே உட்கார்ந்தால் வருந்திக்கொண்டிருக்கிறார் என்று பொருள். வேறு பொருள் கிடையாது. கல்லூரியில் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன் நான். அந்தக் குப்பத்தில் ஒருவரும் அதைப் படித்ததில்லை. ஆனால் அதன்படி நடந்துகொண்டார்கள். அவர்கள் இலக்கணத்தில் கூடுதலாக ஒரு விதி: விடியற்காலையில் அந்தக் கரையில் உட்காருகிறவர்கள் இரண்டு வகை. டப்பா உள்ளவர், டப்பா இல்லாதவர். இரண்டாம் வகையினர் திரும்பிப் போவதில்லை.

சற்று நேரத்தில் இரண்டு இளைஞர்கள் வந்து என் இரு பக்கமும் கழியை வெறித்தபடி உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்கள். “நீச்சல் தெரியுமா சார்?” என்று ஒருவன் கேட்டான். தெரியாது என்றேன். அவன் இன்னும் நெருங்கி உட்கார்ந்தான். ஊர்க்காரர்கள் எவ்வளவு சிநேகமானவர்கள் என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. கிழக்கே சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. இவர்கள் போனால்தான் உள்ளே திறக்க வேண்டியது திறக்கும்.

பிறகு அந்த அம்மாள் வந்தார். மஃப்ளர்காரர் பின்னாலேயே வந்தார். அம்மாளுக்கு இடுப்பில் இறால் கூடை, வாயில் வெற்றிலை, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. குப்பத்து இறாலைச் சந்தைக்கு எடுத்துப் போய் விற்பவர் அவர்தான். எனக்கு எதிரே, நீருக்கும் எனக்கும் நடுவில், கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். சூரியன் வரவேண்டிய இடம் முழுவதும் அவராக இருந்தார்.

“தம்பி, நாஸ்டா துன்னியா?”

“இல்லம்மா. பசியில்லை.”

“பசியில்லியாம்” என்று திரும்பி மற்றவர்களுக்கு அறிவித்தார். “பொஞ்சாதியாண்ட சண்டையா?”

“சண்டையெல்லாம் இல்லை. அவ நல்லவ.”

“நல்லவளாம்.” மஃப்ளர்காரர் உச்சுக்கொட்டினார். நல்லவள் என்று சொல்லிவிட்டால் இனி அவளிடம் வேலையில்லை என்று அர்த்தம் போலிருக்கிறது.

“சரி, சுத்தி வளைக்கல. நேராவே கேக்கறேன்” என்றார் அம்மாள். “இன்னிக்கே சாவணுமா?”

என் பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

“நாளைக்கு வெச்சிக்கியேன். நாளைக்கு பக்கத்து குப்பத்து பாடு. அவங்களாச்சு, நீயாச்சு.”

பாடு என்பது முறை. மூன்று குப்பங்கள், ஆளுக்கு ஒரு நாள். உள்ளே ஏறிய தண்ணீர் கடலுக்குத் திரும்பும்போது இறால் அதனுடன் ஓடும். அதற்கு முன்னால் வழியில் கம்பு நட்டு வலை கட்டிவிட வேண்டும். தப்பினால் தப்பியதுதான். கழியில் பிணம் கிடந்தாலோ, அன்றைக்கு வலை கிடையாது. பிணத்தைக் கரையேற்றி, பால் ஊற்றி, கற்பூரம் காட்டி முடிக்கும்வரை யாரும் நீரில் கை வைக்கக்கூடாது. கெட்டுப்போன முறைக்குப் பதில் முறையும் கிடையாது. அடுத்த நாள் அடுத்த குப்பத்துக்கு. பாட்டன் காலத்துக் கட்டுப்பாடு.

அந்த அம்மாள் இதையெல்லாம் என்னிடம் பாடமாகச் சொல்லவில்லை, வசவாகச் சொன்னார்.

“போன வருசம் ஒருத்தன். உன்ன மாரியே சொக்கா போட்டுகினு, செருப்ப ஜோடியா வெச்சிட்டு, வாட்ச்ச உள்ள வெச்சிட்டு எறங்கிட்டான். கம்பெனி மூடிட்டாங்களாம். அவன் பொஞ்சாதி இங்கதான், இதே சாம்பல்லதான் உருண்டா. அவள நான்தான் புட்ச்சிகினேன், இந்தக் கையால. ஏன்யா, உங்க கம்பெனிய மூடினா எங்க கழிதான் கெட்ச்சுதா? எங்க கழி இன்னா உங்க கம்பெனிக்கு பின்வாசலா? புகைய அங்க வுடறீங்க, சாம்பல இங்க கொட்றீங்க, சுடுதண்ணிய இத்துல வுடறீங்க, கடசீல ஆளும் இத்துலயே வந்து வுழறீங்க. கீற இறாலு பொழைக்கிறதா வாணாவா?”

அம்மாள் வெற்றிலையைத் துப்பினார்.

“அம்மா, சத்தியமா நான் சாக வரலை” என்றேன். “இந்த இடம் அழகா இருக்கு. அதைப் பார்க்கத்தான் வந்தேன்.”

மஃப்ளர்காரர் மெதுவாகத் திரும்பிக் கரையைப் பார்த்தார். இளைஞர்கள் பார்த்தார்கள். அம்மாளும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். சாம்பல், சேறு, புகைபோக்கி, தூரத்தில் டப்பாக்களோடு வரிசையாக முதுகுகள்.

“இது அழகா கீதா?” என்றார் மஃப்ளர்காரர்.

“வெள்ளையா... உறைபனி மாதிரி...” என்றேன்.

“முத்திப்போச்சு” என்றார் அம்மாள், என்னைப் பார்க்காமல்.

குப்பத்திலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. “தண்ணி திரும்பப் போவுது! இன்னா பண்றீங்கோ அங்க?” வலையும் கம்புகளும் படகில் ஏற்றியாகிவிட்டது. என்னைச் சுற்றி ஆலோசனை ஆரம்பித்தது, நான் அங்கே இல்லாத மாதிரியே. அந்த வகையில் பார்த்தால் தனிமை கிடைத்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

“போலீசாண்ட குட்த்துட்டா?” என்றான் ஒரு இளைஞன்.

“குட்த்தா? சாட்சி, கையெழுத்துன்னு உச்சி வரிக்கும் நம்மளையும் ஒக்கார வெச்சிடுவான். பேஜாரு.”

“இவன் வண்டில ஏத்தி அனுப்பிச்சிடலாமே.”

“அனுப்பிச்சா நேரா அந்தப் பாலத்தாண்ட போய் நிப்பான். தண்ணி பூரா ஒண்ணுதான்டா.”

“யாரனா ஒருத்தர் காவலுக்கு நில்லு.”

“வலை கட்டவே ஆள் பத்தல. இந்த ஆளுக்கு எவன நிறுத்தறது?”

நியாயமான பிரச்சினைதான். எனக்கே அவர்கள்மேல் இரக்கம் வந்துவிட்டது. தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று எழுந்து, “சரிங்க, நான் போறேன்” என்றேன்.

மூன்று பேர் ஒரே நேரத்தில் என் கையைப் பிடித்தார்கள். போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும், போகிறேன் என்று சொல்லக்கூடாது என்பதை என் அம்மா எனக்குச் சோறு ஊட்டும் வயதிலேயே கற்றுக்கொடுத்திருந்தாள்.

“ஏத்துடா படகுல” என்றார் அம்மாள்.

அப்படித்தான் நான் மீன்பிடிக்கப் போனேன். செருப்பு, கடிகாரம், சாவி மூன்றையும் அம்மாள் பொறுக்கிக் கூடைக்குள் போட்டுக்கொண்டார். “இதெல்லாம் என்னாண்ட கீது. ஒழுங்கா திரும்பி வா, தரேன்” என்றார். படகின் நடுவில், இரண்டு பலசாலிகளுக்கு இடையில் என்னை உட்கார வைத்தார்கள். படகில் ஆறு பேர். கம்புகள், வலைக் குவியல், பழைய மீன் வாசனை. கால் நீட்ட இடமில்லை. என் வீட்டைவிட நெருக்கமான இடம் ஒன்று இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

படகின் அடிப்பலகையில் ஓட்டை. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. “சொம்மா குந்திகினு இருந்தா கண்ட யோசனையும் வரும். இந்தா, மொண்டு ஊத்து” என்று மஃப்ளர்காரர் ஒரு தகர டப்பாவை என் கையில் திணித்தார்.

கடைசியில் எனக்கும் ஒரு டப்பா கிடைத்துவிட்டது.

மொண்டு ஊற்றினேன். அவர்கள் கம்பை நட்டார்கள். ஒருவன் நீரில் குதித்து அழுத்தினான். இன்னொருவன் கயிற்றை இழுத்தான். மஃப்ளர்காரர் எல்லோரையும், என்னையும் சேர்த்து, அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகளால் அவசரப்படுத்தினார். “ஏய் ஏரிக்காரா, இந்தப் பக்கம் சாஞ்சிக்கோ!” என்று எனக்கு ஒரு பட்டப்பெயர் வந்தது. படகில் ஏறும்போது வெளிநாட்டு ஏரியைப் பற்றி நான் விளக்க முயன்றதன் பலன். சாய்ந்தேன். மொண்டேன். கட்டுகிற வேகத்தில் அவர்களுக்கு என் சாவு மறந்துபோயிற்று. எனக்கும் என் தனிமை மறந்துபோயிற்று. தண்ணீர் திரும்பி, முதல் வலை பானை வயிறாகப் புடைத்ததும் எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். நானும் கத்தினேன். எதற்கு என்று தெரியாமல்தான்.

நிமிர்ந்து பார்த்தபோது சூரியன் வந்து ஒரு முழம் ஏறிவிட்டிருந்தது. எந்தக் கணத்தைப் பார்க்க வந்தேனோ அந்தக் கணத்தில் நான் டப்பாவுக்குள் குனிந்திருந்திருக்கிறேன்.

ஆனால் கரை தெரிந்தது. நீரின் நடுவிலிருந்து பார்த்தால் நான் உட்கார்ந்திருந்த இடம் முழு வெள்ளையாக, இளஞ்சிவப்பு வெயில் படிந்து, ஆவிக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்தது. உமரிச்செடிகள் மின்னின. ஆள் இல்லை. அசல் காலண்டர். அந்த இடத்துக்கு இருந்த ஒரே குறை அதுவரை நான் அங்கே உட்கார்ந்திருந்ததுதான் என்று விளங்கியது.

மஃப்ளர்காரரின் தோளைத் தட்டிக் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எனக்கு நெஞ்சு விம்மியது.

“என் டப்பா அங்கயே கீது பாரு” என்றார்.

இறால் சுமாராக வந்தது. கரையேறியதும் அம்மாள் என் பொருட்களைத் திருப்பிக் கொடுத்தார். கூடவே ஒரு பிளாஸ்டிக் பையில் இரண்டு கை இறால். வேண்டாம் என்றேன். “வாங்கிக்கோ. வூட்ல இறாலு கீதுன்னா அத்த துன்றதுக்காவது உசுரோட இருப்பே” என்றார். சாக விரும்புகிறவர்களுக்கு இதைவிட உருப்படியான யோசனையை எந்தத் தத்துவப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. பிறகு குரலைத் தணித்து, “நெசமா சொல்லு. எறங்கத்தானே வந்தே?” என்றார். அந்த முகத்தில் கேலி இல்லை. போன வருடத்துப் பெண்ணைப் பிடித்த கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. “இல்லம்மா” என்றேன், முதல் தடவையாகப் பதிலை அலங்கரிக்காமல்.

நம்பினாரா என்று தெரியவில்லை. மஃப்ளர்காரரை என் மொபெட்டில் பின்னால் ஏற்றி அனுப்பினார், என்னை வீட்டில் ஒப்படைக்க.

வாசலில் அவர் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். நாலு குடித்தனமும் வெளியே வந்து கேட்டது. மனைவி இறால் பையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அண்ணே, சாகப் போறவர் குரங்கு குல்லாய் போட்டுக்கிட்டா போவாரு? ஜலதோஷத்துக்கே நடுங்கறவர் இவர்.”

மஃப்ளர்காரர் யோசித்தார். காலையிலிருந்து அத்தனை பேர் கூடி ஆலோசித்தும் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

“நீ சொல்றதும் கரீட்டுதான், தங்கச்சி” என்றார். “ஆனா எங்க பாடு நாள்ல நாங்க ரிஸ்க் எடுக்க முடியாது.”

எடுக்கவில்லை. அதன்பிறகு மூன்று நாளைக்கு ஒரு முறை விடியற்காலையில் சந்து முனையில் சைக்கிள் மணி அடிக்கும்.

“தங்கச்சி, ஏரிக்காரர் கீறாரா?”

“கீறாரு. தூங்கறாரு.” என் மனைவியும் அந்தப் பேச்சுக்கு வந்துவிட்டாள்.

“நல்லா பாத்து சொல்லு.”

அவள் வந்து என் போர்வையைத் தூக்கிப் பார்ப்பாள். பிறகு சைக்கிள் போகும். மற்ற இரண்டு நாட்களில் யாரும் வரமாட்டார்கள். அந்த நாட்களில் நான் என்ன ஆனாலும் அது பக்கத்துக் குப்பங்களின் கவலை.

வெயில் காலம் முழுக்க, மழைக்காலம் முழுக்க இது நடந்தது. அடுத்த மார்கழியில் எனக்கு மறுபடி ஆசை வந்தது. மஃப்ளர்காரர் வராத ஒரு நாளாகப் பார்த்து ஓசைப்படாமல் எழுந்தேன். கதவருகே மனைவி நின்றிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பழைய பால் பவுடர் டப்பா ஒன்றை நீட்டினாள்.

“இதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு உட்காருங்க. ஒருத்தரும் வந்து கேட்கமாட்டாங்க.”

அவள் சொன்னது சரிதான். அதே இடம், அதே வெள்ளை. செருப்பைக் கழற்றவில்லை. டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒருவர் திரும்பிப் பார்க்கவில்லை. நீரிலிருந்து ஆவி வந்தது. கிழக்கு சிவந்தது. காலண்டர் ஏரிக்கரையில் கிடைக்கிற சுத்தமான தனிமை, ஒரு பால் பவுடர் டப்பாவின் விலையில். உள்ளே ஏதாவது திறக்கும் என்று காத்திருந்தேன்.

“அண்ணாத்தே, தண்ணி கொஞ்சம் குடு. என்னுது கவுந்துடுச்சி.”

இருபது அடி தள்ளி, உமரிச்செடிக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டிருந்தது. முகம் தெரிந்தது. மஃப்ளர்காரரின் குப்பத்து ஆள் இல்லை, பக்கத்துக் குப்பமாக இருக்க வேண்டும்.

டப்பாவை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினேன். அதில் தண்ணீர் பிடித்து வர எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் காலி டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கழியைப் பார்த்தார்.

“காலி டப்பாவ எடுத்துகினு எதுக்கு நைனா இங்க வந்து குந்திகினு கீறே?”

“போயிட்டு வரேன்” என்று ஒவ்வொரு எழுத்தையும் அழுத்திச் சொல்லிவிட்டு எழுந்தேன். அன்று யாருடைய பாடு என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் மொபெட்டைக் கிளப்பிவிட்டேன்.